நாமும் நாங்களும்: தைவானின் ஜியாவ்கோங் இசைக்குழுவில் மரபிசையின் பணி

ஆய்வுச்சுருக்கம்

மரபிசையையும் தற்கால இசையையும் இணைக்கும் குழுக்களைக் 'கலப்பிசைக் குழுக்கள்' என்று சுட்டுவது பரவலான வழக்கம். இச்சொல் ஒலிகளின் சேர்க்கையைக் காட்டுகிறதே தவிர, அச்சேர்க்கை எத்தேவையால் நிகழ்ந்தது, யாரை நோக்கி நிகழ்ந்தது என்பனவற்றைக் காட்டுவதில்லை. தைவானின் தென்பகுதியிலுள்ள மெய்நோங் என்னும் ஹக்கா ஊரில் 1999இல் தோன்றி 2003இல் கலைந்த ஜியாவ்கோங் இசைக்குழுவின் இரண்டு இசைத்தொகுப்புகளை இக்கட்டுரை ஆராய்கிறது. அக்குழுவின் இசையில் மரபு அணியாக நில்லாது பணியாக நின்றது என்பது இதன் கருதுகோள். தன்மைப் பன்மையை 'நாம்', 'நாங்கள்' எனப் பிரித்துணரும் தமிழின் பாகுபாடு இவ்வாய்வுக்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தைவான் இசை, ஹக்கா, மெய்நோங், மலைப்பாடல், சுவோனா, அணை எதிர்ப்பு, கலப்பிசை.

1. முன்னுரை

ஓர் இசைக்குழு பழைய கருவியொன்றைக் கித்தாரோடும் டிரம்மோடும் சேர்த்து இசைக்கும்போது, விமர்சகர் பெரும்பாலும் அளவைப் பற்றியே பேசுகிறார். மரபு எவ்வளவு, புதுமை எவ்வளவு, இரண்டும் பொருந்தினவா என்பன அவருடைய வினாக்கள். இவ்வினாக்கள் பிழையானவை அல்ல. ஆனால் போதுமானவையும் அல்ல. ஒரு கருவிக்கு ஓசை மட்டும் இருப்பதில்லை, வேலையும் இருக்கிறது. திருமண ஊர்வலத்தை நடத்துவதும், இறந்தவரை வழியனுப்புவதும், தெய்வத்தை எழுந்தருளச் செய்வதும் கருவிகளின் வேலைகள். தொல்காப்பியக் கருப்பொருள் மரபு பறையையும் யாழையும் உணவு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைப்பது இவ்வுண்மையை உணர்ந்தமையாலேயே எனலாம். கருவி அந்நிலத்தின் வாழ்வில் ஓர் உறுப்பு.

அவ்வாறாயின், கருவியை அதன் இடத்திலிருந்து எடுத்து மேடைக்குக் கொண்டுவரும்போது அதன் வேலை என்ன ஆகிறது? ஓசை மட்டும் வந்து சேர்கிறதா, வேலையும் உடன் வருகிறதா? இவ்வினாவை எழுப்புவதற்கு ஜியாவ்கோங் இசைக்குழு தக்க களமாக அமைகிறது. இக்குழுவின் முதல் தொகுப்பு ஓர் ஊரின் இருப்புக்கான போராட்டத்தின் நடுவே உருவானது. மரபிசையின் பணி அங்கு நேரடியாகச் சோதிக்கப்பட்டது.

2. களமும் காலமும்

மெய்நோங் 1736இல் ஹக்கா மக்கள் குடியேறி அமைத்த ஊர். குழு தோன்றிய காலத்தில் அது காவ்சியோங் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஹக்கா மக்களின் முன்னோர் சீனப் பெருநிலத்தின் தென்கிழக்குப் பகுதிகளிலிருந்து கடல் கடந்து தைவானுக்கு வந்தோர் ஆவர். நெல்லும் ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அறிமுகமான புகையிலையும் இவ்வூரின் பொருளாதாரத்தைத் தாங்கின. எழுத்தாளர் ஜோங் லி-ஹெ இவ்வூரை நவீன தைவான் இலக்கியத்தில் நிலைபெறச் செய்தவர்.

1949 முதல் 1987 வரை தைவானில் இராணுவச் சட்டம் நடப்பில் இருந்தது. அக்காலத்தில் மாண்டரின் மொழியே பள்ளியின் மொழியாகவும் பொதுவாழ்வின் மொழியாகவும் விதிக்கப்பட்டது. வகுப்பறையில் தாய்மொழி பேசிய சிறுவர்கள் தண்டிக்கப்பட்டனர். இராணுவச் சட்டம் நீங்கிய மறு ஆண்டு, 1988 டிசம்பர் 28 அன்று, 'எங்கள் தாய்மொழியைத் திருப்பிக் கொடு' என்னும் முழக்கத்துடன் ஹக்கா மக்கள் தைபேயில் பேரணி நடத்தினர். 1989இல் 'கறுப்புப் பட்டியல்' என்று பெயரிட்டுக்கொண்ட இசைஞர் குழு, தைவானிய மொழியில் அரசியல் அங்கதம் நிறைந்த தொகுப்பை வெளியிட்டது. ஜியாவ்கோங் குழுவுக்கு முன்னரே தாய்மொழியில் தற்கால இசை என்னும் வழி திறந்திருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

மெய்நோங்குக்கு அருகே 147 மீட்டர் உயர அணையைக் கட்டும் அரசின் திட்டம் 1992இல் ஊராரிடையே பெரும் விவாதப்பொருளாயிற்று. பட்டாம்பூச்சிகளுக்குப் பெயர்பெற்ற மஞ்சள் வண்ணத்துப்பூச்சிப் பள்ளத்தாக்கு நீரில் மூழ்க இருந்தது. தேக்கப்படும் நீரில் பெரும்பங்கு புதிய தொழிற்பேட்டைகளுக்கே செல்லும் என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். 1993இல் ஊரார் தைபேய் சென்று நாடாளுமன்றத்தின் முன் கூடினர். 1994இல் மெய்நோங் மக்கள் சங்கம் நிறுவப்பட்டது. 1999இல் அணைக்கான நிதி ஒதுக்கீடு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஜியாவ்கோங் குழுவும் அதன் முதல் தொகுப்பும் அதே ஆண்டில் தோன்றின.

3. பெயரில் உள்ள உழைப்பு

'ஜியாவ்கோங்' என்பதற்கு உழைப்பை மாற்றிக்கொள்ளுதல் என்பது பொருள். அறுவடைக் காலத்தில் ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாரின் வயலில் கூலியின்றி உழைப்பர். அவ்வுழைப்பு பின்னர் உழைப்பாகவே திருப்பித் தரப்படும். புகையிலை இம்முறையைப் பெரிதும் வேண்டி நின்ற பயிர். இலை பறித்தல், கோத்தல், உலர்த்தல் என ஒவ்வொரு கட்டத்திலும் குறுகிய காலத்தில் பல கைகள் தேவைப்பட்டன.

இக்குழுவின் அமைப்பிலும் அத்தகைய கைமாற்று காணப்படுகிறது. பாடகரும் இசையமைப்பாளருமான லின் ஷெங்-சியாங் 1990களில் தாம்காங் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மாணவர் குழுவின்வழி இசைக்கு வந்தவர். பாடலாசிரியர் ஜோங் யொங்-ஃபெங் அணை எதிர்ப்பு இயக்கத்தில் பணியாற்றியவர். மேடையில் பாடுபவர் அல்லர். பேஸ் கித்தார் இசைத்த சென் குவான்-யு, தாளக்கருவிகளை இசைத்த ஜோங் செங்-தா, சுவோனா ஊதிய குவோ ஜின்-சாய் ஆகியோர் பிற உறுப்பினர்கள். இயக்கத்தின் உழைப்பு பாடலாகவும், பாடலின் உழைப்பு இயக்கமாகவும் மாற்றிக்கொள்ளப்பட்டன. புகையிலை உலர்த்தும் பழைய கட்டடம் ஒன்றே இவர்களின் ஒலிப்பதிவுக்கூடமாயிற்று. ஊரின் உழைப்பு நிகழ்ந்த இடத்திலேயே ஊரின் இசையும் பதிவானது. அதனால் 'ஜியாவ்கோங்' என்னும் பெயரை உருவகமாக மட்டும் கொள்ள இயலாது.

4. சுவோனாவும் மலைப்பாடலும்

சுவோனா, நாகசுரத்தைப் போன்று சீவாளி பொருத்தி ஊதப்படும் காற்றுக்கருவி. நாகசுரத்தினும் நீளம் குறைந்தது. திறந்தவெளிக்கென்றே அமைந்த கூரிய, உரத்த ஒலியுடையது. 'எட்டு ஓசை' எனப்படும் ஹக்கா கருவியிசை மரபில் இதுவே தலைமைக் கருவி. மெய்நோங் அம்மரபுக்குப் பெயர்பெற்ற ஊர்களுள் ஒன்று. திருமணம், இறப்பு, கோயில் விழா என ஊர் கூடும் நிகழ்வுகள் யாவற்றிலும் சுவோனா ஒலிக்கும். அதன் ஒலி கேட்டவர் இசை நிகழ்கிறது என்று மட்டும் உணர்வதில்லை. ஊர் கூடுகிறது என்று உணர்கிறார்.

ராக் இசையின் நடுவே சுவோனா ஒலிக்கும்போது இவ்வழைப்பும் உடன் வருகிறது. பின்னணியில் மெல்லென ஒதுங்கும் இயல்பு இக்கருவிக்கு இல்லை. ஆகவே அதைச் சுவைக்காகச் சிறிது தூவுவது எளிதன்று. இடம் கொடுத்தால் முழு இடத்தையும் கொடுக்க வேண்டும். ஜியாவ்கோங் பாடல்களில் கித்தாரும் பேஸும் தளத்தை அமைக்க, சுவோனா பல இடங்களில் மனிதக் குரலுக்கு ஈடான இரண்டாவது குரலாக எழுகிறது. ராக் கேட்டுப் பழகாத முதியவர்க்கும் அது தம்முடைய ஒலியாகிறது.

ஹக்கா மலைப்பாடலின் இயல்பும் இவ்வாறே பணி சார்ந்தது. மலைச்சரிவிலும் தேயிலைத் தோட்டத்திலும் வேலை செய்வோர் தொலைவிலிருந்து ஒருவருக்கொருவர் பாடி மறுமொழி பெற்ற மரபு அது. மெட்டு நிலையானது, சொற்கள் அவ்வப்போது புதிதாகக் கட்டப்படுபவை. ஹக்கா தொனிமொழி ஆதலால், சொல்லின் ஏற்ற இறக்கம் மெட்டின் போக்கை வளைக்கிறது. பழைய மெட்டில் புதிய செய்தியை ஏற்றுவது இம்மரபின் உள்ளேயே இடம்பெற்றிருந்த செயல். அணை எதிர்ப்பை மலைப்பாடலாக்கியபோது குழுவினர் மரபை மீறவில்லை. மரபு எப்போதும் செய்துவந்ததையே செய்தனர். கித்தாரும் டிரம்மும் புதியவை. பாடலுக்கு இடப்பட்ட வேலை பழையது.

இக்கூற்றைத் தெளிவாக்க ஓர் ஒப்பீடு உதவும். 1995இல் தோன்றிய தைவானின் மெட்டல் இசைக்குழுவான 'சோனிக்', இரு நரம்புகள் கொண்ட மரபு வில்லிசைக்கருவியைத் தன் இசையில் இணைத்துள்ளது. தைவான் வரலாற்றின் கொடிய நிகழ்வுகளைப் பாடும் அக்குழுவில் அக்கருவியின் அழுகுரல் துயரத்தின் ஒலிக்குறியாகிறது. அங்கு மரபு நினைவைத் தூண்டுகிறது. ஜியாவ்கோங்கில் மரபு ஆட்களைக் கூட்டுகிறது. இவ்விரண்டில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது எனல் பொருந்தாது. எனினும் இரண்டையும் 'கலப்பிசை' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும்போது இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

5. முதல் தொகுப்பு: 'நாங்கள்' 'நாம்' ஆகும் இடம்

1999இல் வெளியான முதல் தொகுப்பின் பெயரைத் தமிழில் பெயர்ப்போர் உடனே ஒரு சிக்கலை எதிர்கொள்வர். 'மலைப்பாடல் பாடுவோம்' என்று வினைமுற்றால் தப்பிக்கலாம். ஆனால் பெயரிலேயே உள்ள தன்மைப் பன்மைச் சொல்லை வெளிப்படையாகப் பெயர்க்க முனைந்தால் 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா? கேட்பவரை உள்ளடக்குவது 'நாம்', விலக்குவது 'நாங்கள்'. தமிழ் இத்தேர்வைக் கட்டாயமாக்குகிறது. இக்கட்டாயமே அத்தொகுப்பின் அரசியலைத் திறக்கும் திறவுகோலாகிறது.

அரசை நோக்கிப் பாடும்போது அச்சொல் 'நாங்கள்'. நிலமும் நீரும் எங்களுடையவை, முடிவெடுக்கும் உரிமையும் எங்களுடையது என்பதே அதன் பொருள். ஊராரை நோக்கிப் பாடும்போது அதே சொல் 'நாம்' ஆகிறது. அச்சமுற்றோரையும் தயங்குவோரையும் அது உள்ளே அழைக்கிறது. எதிர்ப்புப் பாடல்கள் பலவற்றில் முதற்பொருளே மேலோங்கும். இத்தொகுப்பின் வலிமை இரண்டாம் பொருளில் உள்ளது. 'இரவுப் பேருந்து' என்னும் பாடலில் முதிய உழவர் ஒருவர் போராட்டத்திற்காகத் தலைநகருக்கு இரவுப் பேருந்தில் செல்கிறார். அப்பாடல் முழக்கமாக விரியாமல் அவருடைய வாழ்நாள் உழைப்பின் மீதான எண்ணமாக விரிகிறது. போராடச் செல்பவர் வீரராகத் தோன்றவில்லை. உறக்கமின்றிப் பயணிக்கும் முதியவராகவே தோன்றுகிறார். அவரோடு அமர்ந்து பயணிக்குமாறு கேட்பவர் அழைக்கப்படுகிறார்.

இத்தொகுப்பு 2000ஆம் ஆண்டின் 'தங்க மெல்லிசை' விருதுகளில் சிறப்பிக்கப்பட்டது. அதே ஆண்டு குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சென் ஷுய்-பியான், தம் ஆட்சிக்காலத்தில் அணை கட்டப்படாது என்று உறுதியளித்தார். அணை கட்டப்படவில்லை. பாடல்களே அணையைத் தடுத்தன என்று கூறுவது மிகை. சங்கத்தின் பல்லாண்டுப் பணியும் ஆட்சி மாற்றமும் இதில் பெரும்பங்கு வகித்தன. எனினும் இளைஞரின் இசையும் முதியோரின் செவியும் ஒரே கூட்டத்தில் சந்திக்க இயன்றதற்கு மரபிசை வழிவகுத்தது எனலாம்.

இத்தொகுப்பின் எல்லையும் இங்கேயே உள்ளது. ஊரின் உரிமையை நிறுவ வம்சாவளியை முன்வைக்கும் பாடல் ஒன்று, ஆற்றையே தம் குடிவழி எழுதப்பட்ட ஏடாகக் காண்கிறது. உருவகம் அழகியது. ஆயினும் ஹக்கா மக்கள் தைவானில் குடியேறியோரே. அவர்களுக்கு முன்னரே தொல்குடிகள் அத்தீவில் வாழ்ந்தனர். குடிவழியை உரிமையின் சான்றாக்கும் எந்த 'நாம்' என்பதும் தனக்கு முந்தையோரை 'அவர்கள்' ஆக்கிவிடும் இடரைச் சுமக்கிறது.

6. இரண்டாம் தொகுப்பு: உடையும் 'நாம்'

2001இல் வெளியான 'சாமந்திகளின் இரவு அணிவகுப்பு' வேறொரு சூழலில் நிற்கிறது. அணை என்னும் கண்முன் நின்ற பகை விலகியிருந்தது. 2002 ஜனவரி 1 அன்று தைவான் உலக வணிக அமைப்பில் இணைந்தது. அதன் நிழல் வேளாண்மை மீது முன்னரே விழுந்திருந்தது. இப்போது ஊரை அழிப்பது அணையன்று, சந்தை. சந்தையின் முன் கூடி நின்று முழக்கமிட அதற்கென ஒரு வாயிற்கதவு இல்லை.

தொகுப்பு முழுவதும் ஆ-செங் என்னும் கற்பனை இளைஞனின் கதையாக அமைகிறது. நகரத்தில் தோற்று, அவன் 125 சிசி மோட்டார் சைக்கிளில் இரவோடு இரவாக ஊர் திரும்புகிறான். தெருவிளக்குகளை அணைத்துவிடும்படி ஊர்த்தெய்வத்தை வேண்டுகிறான். அண்டை வீட்டார் தன்னைக் காணக்கூடாது என்பது அவன் கவலை. முதல் தொகுப்பில் ஊர் கூடுமிடமாக இருந்தது. இங்கு ஊர் நாணத்தின் இடமாகிறது. பெயர்ந்து சென்றவர் வெற்றியோடுதான் திரும்ப வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அவனை 'நாம்' என்பதிலிருந்து வெளியேற்றுகிறது.

திரும்பியவன் சாமந்தி பயிரிடுகிறான். சாமந்தி, பகற்பொழுது குறையும்போது பூக்கும் செடி. இரவில் விளக்கேற்றி வைத்தால் பூப்பது தள்ளிப்போகும். விலை கிடைக்கும் நாளுக்கு ஏற்ப உழவர் அதைப் பூக்கச் செய்யலாம். தலைப்புப் பாடலில் ஆ-செங் ஒளியூட்டப்பட்ட வயலின் முன் நின்று செடிகளைப் படைவீரர்களாக எண்ணி ஆணையிடுகிறான். அணிவகுப்பின் தாளம் ராக் இசைக்கும் மரபுத் தாளக்கருவிகளுக்கும் பொதுவான தளமாகிறது. தைவானின் ஆண்கள் கட்டாய இராணுவப் பணி செய்தவர்கள் என்பதை நினைவுகொண்டால் இப்பாடலின் கசப்பு தெளிவாகும். படையில் கற்ற ஒழுங்கைப் பயன்படுத்த அவனுக்கு வாய்த்தவை செடிகள் மட்டுமே. ஊரைத் திரட்டிய இசை இங்கு ஆளற்ற வயலில் பூக்களைத் திரட்டுகிறது. மரபிசையின் பணி தொடர்கிறது. ஆனால் பணி செய்யப்படுவதற்கு ஆட்கள் இல்லை. இம்முரணே இத்தொகுப்பை முதலாவதைவிட ஆழமாக்குகிறது.

ஆ-செங்கின் திருமணம் இக்கதையின் அடுத்த கட்டம். தைவானின் சிற்றூர் ஆண்கள் பலர் தென்கிழக்கு ஆசியப் பெண்களை மணந்த காலம் அது. 1995இல் மெய்நோங்கில் இப்பெண்களுக்கான எழுத்தறிவு வகுப்பு தொடங்கியது. சமூகவியலாளர் சியா சியாவ்-சுவான் அதில் முன்னின்றவர். தொகுப்பின் ஒரு பாடலை அவ்வகுப்பின் பெண்களே பாடுகின்றனர். நாட்பட்டால் அயலூரும் சொந்த ஊராகும் என்னும் கருத்தைக் கொண்டது அப்பாடல். பயிற்சி பெறாத குரல்கள். மொழியோடு போராடும் ஒலிப்பு. இசைநயத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இப்பாடல் தொகுப்பில் தளர்வானது. ஆனால் முதல் தொகுப்பின் 'நாம்' தனக்குள் யாரைச் சேர்த்துக்கொள்ளும் என்னும் வினாவுக்கு விடை இங்குதான் முயலப்படுகிறது. 'நாங்கள்' என்று பேசும் வாய்ப்பு முதன்முறையாக வேறொருவர்க்குக் கிடைக்கிறது.

இம்முயற்சிக்கும் எல்லை உண்டு. தொகுப்பின் நடுநாயகன் ஆ-செங். மனைவி அவன் கதையின் ஒரு பகுதி. பாடியோர் பெண்களாயினும் கதையின் சட்டகம் ஆணுடையது. குரல் தரப்பட்டது, மையம் தரப்படவில்லை. ஆயினும் 2001இல் அப்பெண்களைப் பிறர் பேசும்பொருளாக மட்டுமே காணும் போக்கு பரவலாக இருந்த சூழலில், அவர்கள் குரலிலேயே ஒலித்த பாடல் சிறு நிகழ்வன்று.

7. விருதும் வகைப்பாடும்

இரண்டாம் தொகுப்புக்காகக் குழு 2002இல் சிறந்த இசைக்குழுவுக்கான 'தங்க மெல்லிசை' விருதைப் பெற்றது. 2003இல் குழு கலைந்தது. லின் ஷெங்-சியாங்கும் ஜோங் யொங்-ஃபெங்கும் தொடர்ந்து இணைந்து பணியாற்றினர். 2006இல் வெளியான 'மரம் நடுதல்' தொகுப்பில் ஒகினாவாவின் தகாஷி ஹிரயாசுவும் ஜப்பானியக் கித்தார் கலைஞர் கென் ஓதாகேயும் பங்கேற்றனர்.

2007இல் அத்தொகுப்புக்குச் சிறந்த ஹக்கா பாடகர், சிறந்த ஹக்கா தொகுப்பு ஆகிய விருதுகள் அறிவிக்கப்பட்டன. லின் ஷெங்-சியாங் அவற்றை ஏற்க மறுத்தார். இசையை மொழியால் அன்றி இசைவகையால் பகுக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. இம்மறுப்பைத் தாய்மொழிக்கு எதிரானதாகப் படிக்க இயலாது. அவர் தொடர்ந்து ஹக்காவிலேயே பாடினார். 1988இல் தெருவில் கேட்கப்பட்ட மொழியுரிமை, 2001இல் அரசின் ஹக்கா விவகார மன்றமாகவும் விருது மேடையில் தனி வகைமையாகவும் வடிவம் பெற்றது. இவ்வேற்பு தேவையானது. அதே வேளையில், 'ஹக்கா இசை' என்னும் பெட்டிக்குள் இடப்பட்ட பாடல் ஹக்கா அல்லாதாரோடு ஒப்பிடப்படுவதிலிருந்து நீக்கப்படுகிறது. வகைப்பாடு 'நாங்கள்' என்பதை மதிக்கிறது. 'நாம்' ஆகும் வாய்ப்பை அடைக்கிறது. அம்மறுப்பு முதல் தொகுப்பு எழுப்பிய வினாவின் தொடர்ச்சியே எனலாம்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழி மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, மரபிசையும் தற்கால இசையும் இணையும் படைப்பை மதிப்பிடும்போது, எந்த ஓசை எடுத்தாளப்பட்டது என்பதோடு அவ்வோசையின் பணி உடன் வந்ததா என்பதும் ஆராயப்பட வேண்டும். ஜியாவ்கோங்கில் சுவோனாவும் மலைப்பாடலும் ஊரைக் கூட்டும் பணியோடு வந்தன.

இரண்டாவதாக, பணி ஒருமுறை கைகூடியதால் என்றும் கைகூடும் எனக் கொள்ள இயலாது. எதிரி கண்முன் நின்றபோது திரட்டிய இசை, சந்தையின் முன் ஆளற்ற வயலைக் கண்டது. அவ்வெறுமையை மறைக்காமல் பாடியதே இரண்டாம் தொகுப்பின் சிறப்பு.

மூன்றாவதாக, இசையில் ஒலிக்கும் தன்மைப் பன்மை யாரை உள்ளடக்குகிறது, யாரை விலக்குகிறது என்னும் வினா இத்தகைய படைப்புகளை அணுகப் பயனுள்ள கருவியாகும். தமிழ் இலக்கணம் அன்றாடப் பேச்சிலேயே வலியுறுத்தும் இப்பாகுபாடு, பிறமொழிப் பாடல்களைப் படிக்கும் தமிழ் ஆய்வாளர்க்குக் கிடைத்துள்ள ஒரு வாய்ப்பு. லின் ஷெங்-சியாங் பின்னாளில் ஷெங்-சியாங் இசைக்குழுவாக 2016இல் வெளியிட்ட, பெட்ரோலிய வேதித்தொழில் மாசைப் பாடும் தொகுப்பையும் இக்கருவிகொண்டு ஆராய இடமுண்டு. அங்கு பாதிக்கப்படுவோர் ஓர் ஊரார் மட்டும் அல்லர். காற்றுக்கு ஊர் எல்லை இல்லை. அத்தகைய இடரின் முன் 'நாம்' என்பது எவ்வளவு தொலைவு விரியும் என்பது மேலாய்வுக்குரியது.